மூடக்கூடாத குழாய்கள்

எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த பெண் பொறியாளர் ஒருவர் போன மாதம் என்னைப் பார்க்கச் சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்திருந்தார். மலைச்சாலைகளில் மண்சரிவைக் கண்காணிக்க இப்போது புதுப்புதுக் கருவிகள் வந்துவிட்டன. மண் ஒரு நூலளவு அசைந்தாலும் கைப்பேசியில் மணி அடித்துவிடும் என்று சொன்னார். "இதெல்லாம் இல்லாம நீங்க எப்படிங்க சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். எனக்குத்தான் எதையும் சுருக்கிச் சொல்ல வராதே. பாதியிலேயே அவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். "மீதியை எழுதிக் குடுத்துருங்க சார், எங்க எல்லாருக்கும் ஆகும்" என்று எழுந்துவிட்டார். ஆகட்டும், எழுதிவிடுகிறேன்.

நான் நாமக்கல் பக்கத்துச் சமவெளிக்காரன். எங்கள் ஊரில் மேடு என்றால் வரப்பு, பள்ளம் என்றால் கிணறு. சேலத்தில் பொறியியல் படித்தேன். எழுபதுகளின் பிற்பாதியில் சாலைத் துறையில் வேலை கிடைத்தது. முதல் சில ஆண்டுகள் ஆத்தூர் சாலையில் சிறுபாலம் கட்டுவதிலும், தார் போட்ட இடத்தில் மறுபடி தார் போடுவதிலும் போயின. எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. பாலம் ஒன்று கட்டி முடித்தால் அடுத்த பாலமும் அதே போலத்தான் இருக்கும் என்று தெரிந்த அன்றே அலுத்துப்போனது.

அப்போது எங்கள் கோட்டப் பொறியாளராக இருந்தவர் சபாபதி. அவர் யாரையும் திட்டியதில்லை. குரலை உயர்த்தியதுமில்லை. நீங்கள் எதைச் சொன்னாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "அப்புறம்?" என்பார். நீங்கள் அடுத்ததைச் சொல்வீர்கள். மறுபடியும் "அப்புறம்?" உங்களிடம் சரக்குத் தீரும்வரை விடமாட்டார். தீர்ந்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார். பேச்சு முடிந்தது, இனி போய் வேலையைப் பார் என்று அர்த்தம். திட்டு வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், மலைகள் உள்ள நாடுகள் சில சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. எந்தச் சரிவு ஆபத்தானது என்று நாட்டுக்கொரு விதமாகக் கணக்குப் போடாமல், எல்லோரும் ஒரே முறையில் அளப்பது. ஓர் ஊரில் கற்றதை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோவது. இதற்காக ஜப்பானிலிருந்து மோரிதா என்ற நிபுணரும், நேபாளத்திலிருந்து தாபா என்ற பொறியாளரும் சேலத்துக்கு வருவதாக இருந்தது. அவர்களோடு அலைய ஓர் உள்ளூர் ஆள் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். செய்தி காதில் விழுந்ததும் சபாபதியின் அறைக்கு ஓடினேன்.

"எனக்கு இங்கிலீஷ் வருமுங்க சார். மலை ஏறுவேன்."

"அப்புறம்?"

"கல்யாணம் ஆகலிங்க சார். எத்தனை நாள் வேணும்னாலும் வெளியில தங்குவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லைங்க சார். எனக்கு ஆசையா இருக்கு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மறுவாரம் என் பெயருக்கு உத்தரவு வந்தது.

எங்களுக்குக் கிடைத்த இடம், கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டிச் சாலை மலையில் ஏறத் தொடங்கும் பகுதி. அங்கே சாலைக்குக் கீழே ஒரு செங்குத்தான மண்மேட்டுச் சரிவு. அதன் அடிவாரத்தில் கூலிக் குடும்பங்கள் வாழும் ஒரு சின்னக் குடியிருப்பு. அதைக் கரட்டுமேடு என்று வைத்துக்கொள்வோம். சாலையின் ஓரத்தில் ஒவ்வொரு மழைக்கும் விரிசல் விழும். நாங்கள் தார் ஊற்றி அடைப்போம். அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடி வாய் பிளக்கும்.

மோரிதா வேலை செய்யும் முறை எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. நாங்கள் மூவரும் ஒரே சரிவைச் சுற்றுவோம், ஆனால் தனித்தனியாக. சாய்ந்து வளர்ந்த மரம், கசியும் ஈரம், பழைய சரிவின் தழும்பு, விரிசல் என்று கண்ணில் படுவதையெல்லாம் அவரவர் வரைபடத்தில் குறிப்போம். ஆபத்தான இடத்துக்குச் சிவப்பு, சந்தேகமான இடத்துக்கு மஞ்சள், மற்றதற்குப் பச்சை. ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. மாலையில் பயணியர் விடுதி மேசையில் மூன்று படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடிப்போம். மூவரும் ஒத்துப்போன இடத்தைப் பற்றி மோரிதா பேசவே மாட்டார். நிறம் மாறிய இடத்தில் விரலை வைப்பார். மறுநாள் காலையில் மூவரும் அங்கே போய் நின்று, ஒரு முடிவுக்கு வரும்வரை வாதாட வேண்டும். நான் எப்போதும் முதல் ஆளாக வரைந்து முடித்துவிடுவேன். "இவர் மலையைப் பேருந்திலிருந்து பார்க்கிறார்" என்று தாபா கிண்டல் செய்வார்.

கரட்டுமேட்டுக்கு மேலே மட்டும் வாதாட்டத்துக்கு வேலை இருக்கவில்லை. மூன்று படங்களிலும் சிவப்பு.

அதன்பின் அளவுகள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டைகளை வைத்து இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசினோம். மண் அசைந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான் கருவி. சாலையோரத்தில் துளையிட்டு ஆழமான அளவுக் குழாய்களை இறக்கினோம். நாடா முனையில் ஒரு சின்ன உலோகக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கட்டிக் குழாய்க்குள் விடுவோம். தண்ணீரைத் தொட்டதும் 'ப்ளக்' என்று சத்தம் வரும். சரிவுக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும். உள்ளே தண்ணீர் ஏற ஏற மண் தன் பிடியை விடும். கரட்டுமேட்டுச் சரிவு கோடையில்கூடத் தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தது.

ஆட்களை வேறு இடத்தில் குடியமர்த்துவதுதான் முதல் யோசனை. அதற்கு இடம் பார்த்துத் தர வேண்டியவர்கள் 'பார்க்கலாம்' என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். குடியிருப்பில் போய்ச் சொன்னபோது அவர்களும் அசரவில்லை. அங்கேதான் பாப்பாத்தியை முதலில் பார்த்தேன். கல்லுடைக்கவும் களை வெட்டவும் போகிறவர். குடியிருப்பில் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுவது அவர்தான்.

"மலை எறங்குதுங்களா? எறங்கட்டுமுங்க. மொதல்ல தண்ணி எறங்குமான்னு அந்த ஜப்பான்காரரைக் கேட்டுச் சொல்லுங்க சாமி."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கரட்டுமேட்டில் குடிதண்ணீர் கிடையாது. பக்கத்தில் செங்கோடன் என்பவரின் தோட்டத்துக் கிணறு ஒன்றுதான். செங்கோடனுக்குத் தோட்டமும் இருந்தது, சற்றுத் தள்ளிச் சமதளத்தில் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையும் இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் அவரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் வேலைக்குப் போனால் கிணற்றில் குடத்தை விடலாம். கூலி போதாது என்று வேறு தோட்டத்துக்குப் போனால் மறுநாள் கிணற்றைச் சுற்றிய வேலியின் படலுக்குப் பூட்டு விழும்.

மோரிதாவின் முடிவு: ஆட்களை நகர்த்த முடியாவிட்டால் தண்ணீரை நகர்த்த வேண்டும். சரிவின் அடியிலிருந்து மலைக்குள் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில், சற்று மேல்நோக்கித் துளை போட்டு, ஓட்டைகள் உள்ள குழாயைச் செருகிவிட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் தானாக வடிந்துவிடும். அவர் ஊரில் இதற்கென்றே இயந்திரம் இருந்தது. அதைக் கப்பலில் வரவழைக்க எத்தனை மாதம் ஆகும் என்று அவர் கணக்குப் போட ஆரம்பித்தபோது நான் குறுக்கே விழுந்தேன். எங்கள் பக்கத்தில் கிணறு வற்றினால், கிணற்றுக்குள் இறங்கிச் சுவரில் பக்கவாட்டில் துளை போடுவார்கள். சைடு போர் என்போம். அதற்கென்று திருச்செங்கோட்டுப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள், இயந்திரமும் இருக்கிறது. மறுநாளே பேருந்து ஏறிப்போய்ச் செல்லமுத்துவைக் கூட்டிவந்தேன்.

செல்லமுத்து துளை போடும் ரிக் இயந்திரத்தின் முதலாளி. பெருமை பேசுவதில் கூச்சமே இல்லாதவர். சரிவைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்தார்.

"இதென்னுங்க, கெணத்தைத் திருப்பி வெளியில போட்ட மாதிரித்தான இருக்குது. கெணத்துக்குள்ள கயித்துல தொங்கிட்டே போட்டவனுக்கு இது கட்டில்ல படுத்துட்டுப் போடற மாதிரி. ஆனா ஒரு சந்தேகமுங்க. தண்ணி வந்தா என்ன பண்றது?"

"விட்டுடணுமுங்க."

"உட்டுடறதுன்னா?"

"ஓடட்டும்."

"எங்க ஓடட்டும்?"

"எங்கயோ. மலையில இருந்து வெளிய போனாப் போதும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாமிக்கு எந்த ஊருங்க?"

"நாமக்கல் பக்கம்."

"நாமக்கல்லுல பொறந்துட்டு இப்பிடிப் பேசறீங்களே. தண்ணி எடுக்கப் போர் போடுவாங்க. தொரத்தறதுக்குப் போர் போடற சங்கதியை இன்னைக்குத்தான் கேக்கறேன்."

சித்திரை வெயிலில் வேலை நடந்தது. இரயில் கட்டைகளை அடுக்கி அதன்மேல் இயந்திரத்தைச் சாய்த்துக் கட்டினார்கள். துளையின் சாய்வை மோரிதா தன் கையாலேயே அளப்பார். கொஞ்சம் தப்பினாலும் நிறுத்தச் சொல்வார். செல்லமுத்து முணுமுணுப்பார், ஆனால் நிறுத்துவார். மூன்றாவது துளையில் முதலில் செம்மண் குழம்பு வந்தது. பிறகு தெளிந்த தண்ணீர் கைப்பருமனுக்குப் பாய்ந்தது. கரட்டுமேடே குடத்தோடு ஓடி வந்தது. யாரோ சூடம் ஏற்றினார்கள். செல்லமுத்து எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவித் துளையின் இரண்டு பக்கமும் வைத்தார். மோரிதா என்ன நடக்கிறது என்று புரியாமலே குனிந்து வணங்கினார். ஐந்து வடிகுழாய்கள் பதித்து முடித்தோம். சில வாரங்களில் மேலே அளவுக் குழாய்களில் தண்ணீர் மட்டம் விறுவிறுவென்று இறங்கியது. புதிதாக வைத்த கண்ணாடிகள் ஒன்றும் உடையவில்லை. மோரிதாவும் தாபாவும் நேபாளத்துச் சரிவுகளைப் பார்க்கக் கிளம்பிப் போனார்கள்.

அளவெடுக்கும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். மேலே சாலையோரத்து அளவுக் குழாய்கள் என் பொறுப்பு. கீழே வடிகுழாய்களில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று வாளி வைத்துப் பிடித்துப் பார்ப்பது எங்கள் சாலை ஆய்வாளரின் வேலை. ஆடி மாதம் பாதியில் என் அளவுகள் மாறத் தொடங்கின. மழை இல்லை, ஆனால் தண்ணீர் மட்டம் ஏறுகிறது. வடிகுழாய் அடைத்துக்கொண்டதோ என்று ஆய்வாளரைக் கேட்டால், "அடைப்பா? முன்னைவிட ஜோரா வருதுங்க சார், காத்தால போய்ப் பாருங்க" என்றார். வெளியே வருவதும் அதிகம், உள்ளே நிற்பதும் அதிகம். இது எப்படி? விரிசல் கண்ணாடி ஒன்று உடைந்தது. நேபாளத்துக்குத் தந்தி கொடுத்தேன். ஆவணியில் இருவரும் திரும்பி வந்தார்கள்.

ஆய்வாளரின் வாளிக் கணக்கை நம்பி, மலைக்குள் எங்கிருந்தோ புதிதாகத் தண்ணீர் நுழைகிறது என்று மோரிதா முடிவு கட்டினார். மேலே காப்பித் தோட்டங்களில் ஏதாவது குட்டை ஒழுகலாம். மூவரும் காப்பிச் செடிகளுக்குள் புகுந்து தேடினோம். குட்டைகள் எல்லாம் வெடித்துக் காய்ந்து கிடந்தன. "இந்த மலையில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருக்கிறது" என்றார் தாபா, சட்டையில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

களைத்துப்போய் விடுதிக்குத் திரும்பினால் வாசலில் பாப்பாத்தியும் நாலைந்து பேரும் நின்றார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம்.

"ஞாயித்துக்கெழமை ஒரு விசேசமுங்க. ஜப்பான்காரரு வந்து அவரு கையால தொறந்து வெக்கோணும்."

"எதைங்க?"

"வந்து பாருங்களேன். ஆடியில செய்யப்படாதுன்னு நல்ல நாளுக்குக் காத்துட்டிருந்தோம்."

போனோம். பந்தல் போட்டு வாழை மரம் கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் நாதசுரம் போய்க்கொண்டிருந்தது. ஐந்து வடிகுழாய்களின் முனையிலும் பச்சை வர்ணம் அடித்த கேட் வால்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமந்தி மாலை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் வாங்கி வந்திருக்கிறார்கள். ஆடி பிறந்ததும் மாட்டியாயிற்று. பொழுது சாய்ந்தால் மூடுவது, விடிந்ததும் திறந்து குடம் பிடிப்பது, வெயிலேறினால் மறுபடி மூடிவிடுவது. முறைப்படித் திறப்பு விழாதான் பாக்கி. செல்லமுத்துவும் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார்.

"எனக்கு மொத நாளே தெரியுமுங்க, இத்தனை தண்ணியை உட்டுட்டு இருக்க மாட்டாங்கன்னு. அதான் குழா முனையில அப்பவே வால்வு திருகறதுக்கு மரை போட்டு வெச்சேன்" என்று என் காதில் சொன்னார்.

அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. ஆய்வாளர் காலையில் போய் வாளியைப் பிடித்த நேரமெல்லாம், இரவு முழுக்க அடைத்து வைத்த தண்ணீர் பீறிட்டு வந்த நேரம். வால்வைக் குடம் பிடிக்க ஒரு வசதி என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். மோரிதாவைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. கழுத்தில் மாலை, முகத்தில் இரத்தமில்லை. மெதுவாக நடந்து போய் முதல் வால்வைத் திறந்தார். கைதட்டல். இரண்டாவது, மூன்றாவது, ஐந்தையும் திறந்துவிட்டார். தண்ணீர் பாய்ந்து பந்தல் கால்களை நனைத்து ஓடியது. கொஞ்ச நேரம் பார்த்து மகிழ்ந்துவிட்டு ஒருவர் மூட வந்தார். மோரிதா இரண்டு கைகளாலும் அந்த வால்வைப் பிடித்துக்கொண்டு "நோ, நோ" என்றார்.

"பாவம், ரொம்பச் சந்தோசம் போல" என்றது ஒரு குரல்.

"சந்தோசம் இருக்கட்டும். கையை எடுக்கச் சொல்லுங்க சாமி, தண்ணி வீணாப் போகுது" என்றார் பாப்பாத்தி.

ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிவிட்டு நான் பேசினேன். குழாயை மூடினால் தண்ணீர் மலைக்குள்ளேயே நிற்கும், நின்றால் மண் இளகும், இளகினால் மேல்வரிசை வீடுகளின்மேல்தான் விழும். கேட்டார்கள். நம்பவும் செய்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பாப்பாத்தியின் கணக்கு வேறு.

"எல்லாஞ் சரிங்க. இப்பவே பூராத்தையும் ஓட உட்டுட்டா மாசி பங்குனியில எங்கிருந்துங்க வரும்? மறுக்கா பண்ணாடி கெணத்துல போய் நிக்கோணுமா? இந்த மூணு மாசமாத்தான் நாங்க யாரு தோட்டத்துக்கு வேலைக்குப் போறதுன்னு நாங்களே முடிவு பண்றோம். அது உங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியாது. எந்த வரைபடத்திலும் அதற்கு நிறம் வைக்கவில்லை. அவர்களுக்கு மலை ஒரு தொட்டி. கோடைக்கு என்று சேர்த்து வைத்ததை ஐப்பசிக்கு முன்பே கொட்டிவிடச் சொல்கிறோம்.

மறுநாள் சபாபதி வந்தார். வால்வுகளைக் காவல் போட்டாவது கழற்ற வேண்டும் என்றார் மோரிதா. கழற்றினால் மறுபடி மரக்கட்டை செருகுவார்கள் என்றேன் நான். அப்போதுதான் தாபா வாயைத் திறந்தார். அவர் ஊரில் கல்லில் செதுக்கிய தண்ணீர்த் தாரைகள் உண்டாம். இரவும் பகலும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். யாரும் மூடுவதில்லை, மூட வழியும் கிடையாது. குடம் நிறைந்தது போக மிச்சம் அடுத்த தொட்டிக்கு, அங்கிருந்து வயலுக்கு. "வீணாகிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. ஏனென்றால் அது எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்" என்றார்.

சபாபதி கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம்?"

"மிச்சத் தண்ணியைச் சேர்த்து வைக்க ஒரு இடம் வேணுமுங்க சார்" என்றேன்.

"அப்புறம்?"

"செங்கோடன் கிணறுங்க சார். பாதிக்கு மேல காலியாக் கெடக்கு."

செங்கோடனை வரவழைத்தார்கள். கட்டையான மனிதர், தோளில் துண்டு, எதிலும் தனக்கு என்ன என்று முதலில் பார்க்கிறவர். வடிகுழாய்களுக்குக் கீழே குடம் பிடிக்க ஒரு தொட்டி. அது நிரம்பி வழிவது வாய்க்கால் வழியாக அவர் கிணற்றுக்கு. அவருக்குக் கண் மின்னியது.

"அதுக்கு நான் என்ன பண்ணோணுமுங்க?"

பாப்பாத்தி முந்திக்கொண்டார். "வேனக்காலத்துல நாங்க உங்க கெணத்துல எடுப்போம். உங்ககிட்ட வேலைக்கு வந்தாலும் எடுப்போம், வராட்டியும் எடுப்போம். படலுக்குப் பூட்டுப் போடப்படாது."

"என் கெணத்துக்கு நான் பூட்டுப் போடப்படாதா?"

"அதுல இருக்கறது எங்க தண்ணிங்க."

"உங்க தண்ணியா? மலைத் தண்ணி புள்ள அது."

"அப்ப மலைகிட்டப் போயிக் கேட்டு வாங்கிக்கங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். செங்கோடனும் கடைசியில் சிரிக்க வேண்டியதாயிற்று. எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். வாய்க்காலைத் தன் செலவிலேயே வெட்டினார். வால்வுகளைக் கழற்றியது மட்டும் போதாது, மரை போட்ட முனைகளை அறுத்துவிட வேண்டும் என்று மோரிதா சொல்ல, செல்லமுத்துவே வந்து அறுத்தார். "நல்ல மரைங்க" என்று கடைசிவரை வருத்தப்பட்டார்.

கிளம்பும்போது மோரிதா என்னிடம் சொன்னது இவ்வளவுதான். ஆபத்தைக் குறைத்திருக்கிறோம், இல்லாமல் ஆக்கவில்லை. குழாய்த் தண்ணீர் தெளிவாக வந்தால் நிம்மதியாக இரு. கலங்கி வந்தால் போய்ப் பார். கொட்டும் மழையில் ஒரு குழாய் நின்றுபோனால், உள்ளே மண் நகர்ந்து குழாயை வெட்டிவிட்டது என்று பொருள். அதன்பின் அளவெடுத்துக்கொண்டிருக்காதே, ஆட்களை வெளியேற்று.

ஐப்பசி மழை அந்த ஆண்டு பிடித்தது பிடித்தபடியே பெய்தது. ஒருநாள் காலை அலுவலகம் திறந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. சொட்டச் சொட்ட நனைந்தபடி செங்கோடன் உள்ளே வந்தார். கையில் குடை மடக்கியபடியே இருந்தது. கோபத்தில் விரிக்க மறந்திருக்கிறார்.

"ஏனுங்க இஞ்சினியரே, ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தானுங்க? பூட்டுப் போடப்படாதுன்னாங்க, நான் போடலை. இப்ப அவளுக அடைச்சுப் போட்டாளுக!"

"எதைங்க?"

"நடுக் குழாயைத்தான். நேத்து அந்திக்கு ஓடுச்சு, காத்தால பாத்தா ஒரு சொட்டு இல்ல. இந்த மழையில நிக்குமுங்களா? அந்தப் பாப்பாத்திதான் கட்டையை அடிச்சிருக்கா. மழைக்காலத்துலதானுங்க கெணறு நெரம்போணும்!"

"மத்தக் குழாயெல்லாம்?"

"ஓடுது. காப்பித் தண்ணியாட்டம்."

அடுத்த அறைக்கு ஓடிச் சபாபதியிடம் விவரம் சொன்னேன். இந்த முறை அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "ஜீப்பை எடுக்கச் சொல்லு" என்று எழுந்துவிட்டார். செங்கோடனையும் ஏற்றிக்கொண்டோம். வழியெல்லாம் அவர் பாப்பாத்தியைத் திட்டிக்கொண்டே வந்தார். சபாபதி மறுக்கவில்லை.

கரட்டுமேட்டில் யாரும் வேலைக்குப் போயிருக்கவில்லை. மழைக்கு எல்லோரும் வீட்டுக்குள் ஒண்டியிருந்தார்கள். மலை இறங்கப் போகிறது, கிளம்புங்கள் என்று நான் வீடு வீடாகக் கத்தினேன். சொட்டும் கூரைக்குக் கீழே அடுப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்கள் என்னை வெறித்துப் பார்த்தார்கள். ஆட்டை யார் பார்ப்பது, பானையை யார் தூக்குவது, மழை விடட்டும் என்றார்கள். அதற்குள் செங்கோடன் குழாய்களுக்கு முன்னால் நின்று குரலெழுப்பிவிட்டார். பாப்பாத்தி கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே பாய்ந்து வந்தார்.

"நான் அடைச்சேனா? யாரு பாத்தது? கையை உட்டுப் பாருங்க, கட்டை இருக்குதான்னு!"

"உள்ளார தள்ளி உட்டுருப்ப!"

"எங்க வேணாலும் வாரேன், யாரு முன்னாடி வேணாலும் சொல்றேன்!"

சபாபதி நடுவில் போய் நின்றார். வழக்கமான அதே குரலில்தான் பேசினார். "இது பெரிய புகார். மழையில நின்னு பேச முடியாது. செங்கோடன் ஆலையில வெச்சு இப்பவே விசாரிக்கிறேன். கரட்டுமேட்டுக்காரங்க எல்லாரும் சாட்சிக்கு வரணும். ஒருத்தரும் பாக்கி இருக்கக் கூடாது. குழந்தைங்களையும் தனியா விடாதீங்க, கூட்டிட்டு வாங்க. ஆடும் வரட்டும்."

வந்தார்கள். மலைக்குப் பயந்து நகராதவர்கள் பாப்பாத்திக்குச் சாட்சி சொல்ல நகர்ந்தார்கள். கிழவர்களைச் செங்கோடனின் டிராக்டரில் ஏற்றினோம். நான் கடைசி வீடுவரை பார்த்துவிட்டு ஓடினேன்.

பிறகு திட்டத்தின் அறிக்கையை எழுதும்போது, எச்சரிக்கை எதனால் கிடைத்தது என்று கேட்டு மோரிதா ஓர் இடம் விட்டிருந்தார். கண்ணாடிப் பட்டை, அளவுக் குழாய் என்று எழுதலாமா என யோசித்தேன். 'கீழே தண்ணீரில் பங்குள்ள ஒருவரின் புகார்' என்று எழுது என்றார் சபாபதி. அப்படியே அச்சாயிற்று. வடிகுழாய் போடும் இடமெல்லாம் அந்தத் தண்ணீருக்குக் கீழே ஓர் உரிமையாளரைத் தேடிவைக்க வேண்டும் என்று தாபா தன் நாட்டிலும் வழக்கமாக்கினார் என்று கேள்விப்பட்டேன். இதெல்லாம் பிற்பாடு. அந்தக் காலைக்குத் திரும்புகிறேன்.

சேகோ ஆலைக் கொட்டகையில் மூட்டைகளுக்கு நடுவே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சபாபதி ஒரு மூட்டைமேல் அமர்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். நேற்று அந்தியில் குழாய்ப் பக்கம் யார் போனது, எத்தனை குடம் பிடித்தது, அப்போது தண்ணீர் என்ன நிறம். யாரும் எழுந்து போய்விடாதபடி நிதானமாகக் கேட்டார். செங்கோடன் குறுக்கே குறுக்கே பேசினார். பாப்பாத்தி அவருக்கு மேல் பேசினார். மழை தகரக் கூரையில் இரைந்தது. நான் வாசலில் நின்று சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சாலையோரத்து மரம் ஒன்று, நின்றபடியே, ஒரு பக்கமாக நடந்து போவதுபோல் இறங்கியது. பிறகுதான் சத்தம். லாரியிலிருந்து கல் கொட்டுவதுபோல ஆரம்பித்து, நிற்காமல் பெருத்துக்கொண்டே போனது. எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்தார்கள். செம்மண் கரட்டுமேட்டின் மேல்வரிசையை மூடி, தொட்டியை மூடி, செங்கோடனின் வாய்க்கால் வழியே போய்க் கிணற்றையும் நிரப்பிவிட்டு நின்றது. பாப்பாத்தியின் வீடு மேல்வரிசையில் இருந்தது. அந்த இடத்தில் ஒரு முருங்கை மரத்தின் நுனி மட்டும் தெரிந்தது.

கொட்டகையில் ஓர் ஆடு கத்தியது. பெண்கள் பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் இருந்தன.

பாப்பாத்தி செங்கோடன் பக்கம் திரும்பினார்.

"இப்பச் சொல்லுங்க பண்ணாடி. நானா அடைச்சேன்?"

செங்கோடன் தோளிலிருந்த துண்டைப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே திரும்பிப் பார்த்து, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "அந்த மூட்டையைப் பிரிச்சு ஜவ்வரிசியை எடுங்க. அடுப்பு அந்தப் பக்கம் இருக்குது. புள்ளைங்க பசியாக் கெடக்கும்."